ஐப்பசி மழைக்கு முன் ஊசி, மார்கழிப் பனிக்கு மப்ளர்: எங்கள் குடியிருப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் ஃப்ளூ (இன்ஃப்ளூயன்சா) தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்கிறோம். பக்கத்துத் தெரு கிளினிக்கிலிருந்து மருத்துவர் ஒரு செவிலியருடன் வந்து, சங்க அறையில் உட்கார்ந்து போட்டுவிட்டுப் போவார். பெயர் எழுதிக்கொள்வது என் பொறுப்பு. பெயர் கொடுப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். கொடுக்காதவர்கள் பத்துக் கேள்வி கேட்பார்கள். லிஃப்டிலும் மொட்டைமாடியிலும் வாசல் கேட்டிலும் நின்று பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். மருத்துவச் செய்திகளை அந்த மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். மற்ற அபிப்பிராயங்களுக்கு நானே பொறுப்பு.

சென்னையில் ஏது குளிர்காலம்? இந்த ஊருக்கு எதற்கு ஃப்ளூ ஊசி?

முதல் பாதி நியாயமான கேள்வி. ஜனவரி மாத அதிகாலையிலும் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நுங்கம்பாக்கத்தில் பதிவானதிலேயே மிகக் குறைவு 13.9 டிகிரி, அதற்கு 1895 டிசம்பருக்கும் 1905 ஜனவரிக்கும் போக வேண்டும்.

ஆனால் ஃப்ளூ குளிரைத் தேடி வருகிற நோய் அல்ல. இந்தியாவிலேயே ஊருக்கு ஊர் அதன் காலம் மாறுகிறது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லி, புணே, கொல்கத்தா போன்ற நகரங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, அதாவது தென்மேற்குப் பருவமழையோடு. சென்னையிலும் வேலூரிலும் அது உச்சத்துக்குப் போவது அக்டோபர், நவம்பரில், நம் வடகிழக்குப் பருவமழையோடு. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அடைமழை நாளில் மாநகரப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டிருப்பார்கள், கண்ணாடி முழுக்க நீராவி படிந்திருக்கும், நின்றுகொண்டிருப்பவர்களில் நாலு பேர் இருமுவார்கள். பள்ளி வேனும் அப்படித்தான்.

இங்கே பலர் மார்கழியை மனத்தில் வைத்து, டிசம்பரில் வந்து ஊசி கேட்கிறார்கள். குளிர் தேசத்துச் செய்திகளைப் படித்துப் பழகியதன் விளைவு. நம் ஊரில் அதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

அப்படியானால் எப்போது போட்டுக்கொள்வது?

செப்டம்பரில். நாள் கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு: புரட்டாசி பிறக்கும்போது. ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடல் எதிர்ப்பாற்றலைத் திரட்ட சுமார் இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அந்த இரண்டு வாரம் முடிந்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. ஃப்ளூ வைரஸ் அடிக்கடி உருமாறுவதால், எந்தெந்த ரகங்களை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. பிப்ரவரியில் வடகோளத்துக்கு, செப்டம்பரில் தென்கோளத்துக்கு. இரண்டு வகை ஊசிகளும் இந்தியச் சந்தைக்கு வருகின்றன. பெட்டியின் மேல் ஆண்டு அச்சிட்டிருக்கும். கையில் வாங்கி அதைப் பாருங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். அன்றைக்குக் கிடைப்பதில் எது புதியதோ அது போதும். அடுத்தது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

டிசம்பர் ஆகிவிட்டது. இனிப் போட்டுப் பயன் உண்டா?

உண்டு. போட்டுக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு உறவினர் வருவார்கள், இருமலும் கூடவே வரும்.

போன ஆண்டுதான் போட்டேன். மறுபடியுமா?

மறுபடியும்தான். வைரஸும் மாறுகிறது, போன ஆண்டு ஊசி தந்த பாதுகாப்பும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. போலியோ சொட்டு மருந்தோடு இதை ஒப்பிட வேண்டாம். அது வேறு கணக்கு.

ஊசி போட்டும் எனக்குச் சளி பிடித்தது. பணம் தண்டமா?

எங்கள் மாடியில் ஆண்டு தவறாமல் எழும் புகார் இது. மூக்கொழுகல், தும்மல், தொண்டை அரிப்பு எல்லாம் ஃப்ளூ அல்ல. சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. இந்த ஊசி அவற்றுக்கானதல்ல, இன்ஃப்ளூயன்சாவுக்கு மட்டும்.

இன்ஃப்ளூயன்சாவையும் முழுவதும் தடுத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஊசியில் உள்ள ரகமும் ஊரில் பரவும் ரகமும் நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். பொருந்தாத ஆண்டில் இன்னும் குறைவு. அப்படி இருந்தும் நான் ஆண்டுதோறும் போட்டுக்கொள்வதற்குக் காரணம் மிச்சமுள்ள பயன்தான்: ஃப்ளூ வந்தாலும் நிமோனியா வரை போய் ஐசியூவில் படுக்கும் வாய்ப்பு குறைகிறது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஊசியாலேயே காய்ச்சல் வந்துவிடுமாமே?

நாங்கள் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸின் பகுதிகளால் ஆன ஊசி. அதிலிருந்து ஃப்ளூ வர வழியில்லை. கை கடுக்கும், சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் உடம்பு வலியும் லேசான காய்ச்சலும் இருக்கும். ஊசி போட்ட மறுநாளே கடும் காய்ச்சலும் இருமலும் என்றால், நோய் முன்பே தொற்றியிருந்தது என்று பொருள். தாமதமாகப் போடுபவர்களுக்குத்தான் இந்த அனுபவம் அதிகம். நான் செப்டம்பர், செப்டம்பர் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முன்பு நான்கு வகை ஊசி என்றார்கள், இப்போது மூன்று வகை என்கிறார்கள். மட்டமான சரக்கா?

இல்லை. நான்காவதாக இருந்த பி யமகட்டா என்ற ரகம் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டறியப்படவில்லை. கொரோனாக் காலத்து முகக்கவசமும் ஊரடங்கும் சேர்ந்து அதன் கதையை முடித்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இல்லாத எதிரிக்கு எதற்கு ஆயுதம்? அதனால் மூன்று ரகம் போதும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

யாரெல்லாம் கட்டாயம் போட வேண்டும்? யார் கூடாது?

முதியவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம் ஆகிய தொல்லை உள்ளவர்கள் முதல் வரிசை. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். பிறக்கப் போகும் குழந்தைக்கும் முதல் சில மாதங்களுக்கு அதில் பங்கு கிடைக்கிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. எனவே அந்த வீட்டில் மற்ற எல்லாரும் போட்டுக்கொள்வதுதான் குழந்தைக்குக் காவல். ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்குக் கூடாது. முட்டை சேராது என்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். லேசான ஜலதோஷம் தடையில்லை. நல்ல காய்ச்சல் இருந்தால் தணிந்த பிறகு வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்.

என் மாமியாருக்கு 72 வயது, சர்க்கரையும் இருக்கிறது. நிமோனியா ஊசி என்று வேறு ஒன்று சொல்கிறார்களே?

அது நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கானது. ஃப்ளூ வந்து நுரையீரல் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைவது பெரும்பாலும் இதுதான். ஃப்ளூ ஊசி போல் ஆண்டுதோறும் தேவையில்லை. அதில் சில வகைகள் உண்டு. எது, எந்த வரிசையில் என்பதை அவரது மருத்துவர் சொல்லட்டும். இரண்டையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாகப் போடலாம். விலை ஃப்ளூ ஊசியைவிடக் கூடுதல். மகன்கள் இருவர் என்றால் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை குத்தியிருக்கிறார்கள். கையில் வடு கூட இருக்கிறது. அது போதாதா?

அந்த வடு பெரியம்மைக்கானது. கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்ட கிங் இன்ஸ்டிடியூட் பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரித்த இடங்களில் ஒன்று. உங்கள் கைக்கு வந்ததும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். வேலையை அது ஒழுங்காகவே செய்தது: 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மையே இல்லை. ஃப்ளூவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

குழந்தைக்கு எங்கே இலவசமாகப் போடலாம்?

தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ளவை அனைத்தும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஆறாவது வாரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியோடு நிமோனியா ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். 2021 முதல் அதுவும் இலவசம். பிறகு 14ஆவது வாரம், ஒன்பதாவது மாதம். இதே ஊசிக்குத் தனியாரிடம் சில ஆயிரம் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும். ஆனால் மாநகராட்சி ஊசி மட்டம் என்று நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கான ஃப்ளூ ஊசி அந்த இலவசப் பட்டியலில் இல்லை. தனியாரில்தான், ஆயிரத்துக்கு மேல் ஆகும். சந்தேகம் இருந்தால் 104க்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

பென்டாவேலன்ட் போட்ட இரவு குழந்தை அனலாகக் கொதிக்கும். அப்போது கொடுக்கும் பாராசிட்டமாலில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சொட்டு மருந்துப் புட்டியில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம்தான். இரண்டும் ஒரே பெயரில், ஒரே சிவப்பு நிறத்தில் இருக்கும். மூத்த பிள்ளையின் சிரப் அளவைக் கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தில் ஊற்றினால் பல மடங்கு போய்விடும். புட்டியின் லேபிளை விளக்கைப் போட்டுப் படியுங்கள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. மருத்துவரிடம் மில்லிக் கணக்கில் எழுதி வாங்குங்கள்.

ஊசி போட்ட பிறகு தலைக்குக் குளிக்கலாமா? தயிர், கறி சாப்பிடலாமா?

குளிக்கலாம், சாப்பிடலாம். எந்தப் பத்தியமும் இல்லை. புரட்டாசியில் கறி சாப்பிடாதவர்கள் அதைத் தொடரலாம். ஊசியின் மேல் பழி போட வேண்டாம். குழந்தைக்கு ஊசி போட்ட இடத்தில் எண்ணெயோ காப்பித்தூளோ வைக்காதீர்கள். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட கையில் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளம் வந்து உடைவது இயல்பு, அதைப் பிதுக்கவும் வேண்டாம்.

மழையில் நனைந்தால் காய்ச்சல் வருமா, வராதா?

நனைவதால் வைரஸ் பிறப்பதில்லை. மாலை போட்டவர்கள் கார்த்திகை, மார்கழியில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில்தான் தலைக்குக் குளிக்கிறார்கள், எல்லாருமா படுத்துவிடுகிறார்கள்? ஆனால் பாட்டிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. மூக்கின் உட்பகுதி குளிர்ந்தால் அதன் காவல் கொஞ்சம் தளர்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஈர உடையோடு அலுவலக ஏசியில் உட்கார்ந்து நடுங்குவதில் யாருக்கும் லாபமில்லை. பையில் ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மழையில் நனைவதைவிடக் கணுக்கால் வரை தேங்கிய நீரில் நடப்பதுதான் கவலை. எலிக்காய்ச்சல் அங்கிருந்து வருகிறது. காலில் வெட்டுக்காயம், பித்தவெடிப்பு இருந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த நோய்க்கு இங்கே நமக்குப் போட ஊசி இல்லை. டெங்குவுக்கும் கடையில் வாங்கிப் போடும்படி ஊசி இங்கே வரவில்லை. மொட்டைமாடியில் கிடக்கும் பழைய பக்கெட்டையும் பூந்தொட்டித் தட்டையும் கவிழ்த்து வைப்பதுதான் வழி. நான்காவது மாடிக்காரர்களுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன்.

நிலவேம்பும் மிளகு ரசமும் போதாதா? எங்கள் காலத்தில் ஏது ஊசி?

மிளகு ரசம் குடியுங்கள், சுக்குக் காப்பி குடியுங்கள், கற்பூரவல்லியைக் கிள்ளிச் சாற்றில் தேன் கலந்து சாப்பிடுங்கள். தொண்டைக்கு இதம், நீர்ச்சத்தும் உள்ளே போகும். எங்கள் வீட்டிலும் முதல் தும்மலுக்கு அதுதான் முதல் வைத்தியம். ஆனால் இவை தடுப்பூசிக்குப் பதில் அல்ல. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க யாரும் கேட்கவில்லையே.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக் கூடாது. அரிதாகத்தான் என்றாலும் உயிருக்கு ஆபத்தான நச்சை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். கைக்குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலமும் கூடாது. குளித்த தலைக்குச் சாம்பிராணி போடுவதும் இழுப்பு உள்ள குழந்தைக்கு ஆகாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சரி, ஆனால் கொதிக்கும் பாத்திரத்தை மடியருகே வைத்துப் போர்வைக்குள் குழந்தையையும் உட்கார வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மூக்கடைப்பு இரண்டு நாளில் போகும், வெந்நீர் கொட்டிய தழும்பு போகாது.

மார்கழிக் குளிரைச் சமாளிக்க என்ன செய்வது?

வெளியே உள்ள குளிரைவிட நாமே உண்டாக்கிக்கொள்ளும் குளிர்தான் இந்த ஊரில் அதிகம். கச்சேரிக் காலத்தில் சபா அரங்குகளில் ஏசி போடும் போடில், சால்வை கொண்டு போகாதவர் இரண்டாவது உருப்படிக்குள் நடுங்கத் தொடங்கிவிடுவார். முதியவர்கள் காதை மூடும்படி ஒரு மப்ளரும் காலுறையும் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் தொடர்ந்து இருமினால் முகக்கவசம் போட வெட்கப்பட வேண்டாம். இருமல் உங்களுடையது என்றால் வீட்டிலேயே இருந்து வானொலி கேளுங்கள்.

நடைப்பயிற்சிக்கு இருட்டோடு கிளம்புபவர்கள், இதயத் தொல்லையும் இழுப்பும் இருந்தால் வெயில் எட்டிப் பார்த்த பிறகு போகலாம். தேங்காய் எண்ணெய் புட்டியில் உறையும் காலை வந்துவிட்டால் தோல் வறட்சியும் வந்துவிட்டது. குளித்துத் துடைத்த ஈரம் காயும் முன் அதையே தடவிக்கொண்டால் போதும். வெந்நீருக்கு எரிவாயு கீசர் வைத்திருப்பவர்கள் குளியலறை ஜன்னலை அடைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

போகி அன்று இழுப்பு உள்ளவர்கள் காலை முழுவதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. டயர் கொளுத்துபவர்களிடம் நான் பேசிப் பார்த்துவிட்டேன்.

காய்ச்சல் வந்துவிட்டால்?

மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சலையும் ஃப்ளூ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இருமலும் தொண்டை வலியும் முன்னால் நின்றால் ஃப்ளூவாக இருக்கலாம். மூக்கு ஒழுகாமல், கண்ணுக்குப் பின்னால் வலித்து, மூட்டெல்லாம் முறிப்பது போலிருந்தால் டெங்குவை நினைக்க வேண்டும். எதுவென்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டும். தடுப்பூசி என்றால் பயப்படும் அதே ஆட்கள், காய்ச்சல் வந்ததும் “ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள் டாக்டர்” என்று கையை நீட்டுவது எனக்கு இன்றும் புதிராகவே இருக்கிறது. மருந்துக்கடையில் அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதும் வேண்டாம், வைரஸ் அதற்கு அசையாது. முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றால் முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாரித்தல், பேச்சுக் குழறல், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், குழந்தை பால் குடிக்க மறுத்து நெஞ்சுக்கூடு உள்வாங்க மூச்சுவிடுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. டெங்குவில் காய்ச்சல் விட்ட நேரத்தில்தான் வயிற்று வலியும் விடாத வாந்தியும் ஆபத்தைச் சொல்லும். வண்டி கிடைக்கவில்லை என்றால் 108.

மகளின் பிரசவத்துக்கு ஜனவரியில் அமெரிக்கா போகிறோம். என்ன ஊசி?

எங்கள் அடுக்ககத்தில் ஆண்டுக்கு ஒரு தம்பதியாவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ஊறுகாயும் பிரசவ லேகியமும் தயாராகிவிடும், இது மட்டும் கடைசி வாரத்தில் நினைவுக்கு வரும். பச்சைக் குழந்தையைத் தூக்கப் போகும் தாத்தா பாட்டிக்கு ஃப்ளூ ஊசியும், கக்குவான் இருமலைத் தடுக்கும் டிடாப் ஊசியும் போட்டிருக்க வேண்டும் என்று அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் கேட்பார்கள். குழந்தையைப் பார்ப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். மருத்துவரின் முத்திரையோடு சான்று வாங்கிக் கைப்பையில் வையுங்கள்.

அங்கே குளிரைவிட வறட்சி படுத்தும். ஹீட்டர் ஓடும் அறையில் மூக்கு வறண்டு ரத்தம்கூட வரலாம். உப்புநீர்ச் சொட்டு மருந்து உதவும், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். தியாகராய நகரில் ஒரே தடிமனான கோட்டு வாங்குவதைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிய மெல்லிய தெர்மல் உடைகள் வாங்குங்கள். கோட்டு அங்கே மாப்பிள்ளை வீட்டு அலமாரியில் இருக்கும்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் முகாமில் போடலாமா?

போடலாம். மழையில் நாலு வீடு ஏறி இறங்குபவர் அவர்தான். காவலாளிக்கும் குப்பை எடுப்பவருக்கும் சங்கமே கொடுக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்தந்த வீடு கொடுக்க வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. மறுநாள் கை வலித்தால் பாத்திரத்தை நீங்கள் தேய்த்துக்கொள்ளுங்கள். பெயர்களை ஆகஸ்ட் கடைசிக்குள் என்னிடம் கொடுத்துவிடவும், வயதோடு.